எது அரக்கு?

துடியலூரில் பிளக்ஸ் கடை வைத்திருந்த பிராங்கை விட்டுக் கூட்டாளி ஜோஸ் பிரிந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. ஜவுளிக்கடை கோமளா வந்தார்.

“ஏனுங்க, கம்ப்யூட்டர்ல நம்பரைப் பாத்தே போர்டு நிறத்தைச் சரிபண்ணிப்போடுவீங்களாமா?”

“ஆமாங்க. கண்ணு ஏமாத்தும், நம்பர் ஏமாத்தாதுங்க.”

அவர் இரண்டு பிரிண்ட் துண்டுகளை மேசையில் வைத்தார். “எங்க போர்டு அரக்குச் சிவப்புங்க. இதுல எதுங்க அது?”

பிராங்க் கம்ப்யூட்டரைப் பார்த்தான். அந்தத் துண்டுகளின் நம்பர் அதில் இல்லை. ஒரு துண்டைத் தொட்டான்.

“அது பச்சைங்க.” கோமளா எழுந்துகொண்டார். “புதுக்கடை போட்ட ஜோஸ் சொன்னப்ப நான் நம்பலைங்க.”

பதினைந்து வருடமாக ஒவ்வொரு பிரிண்டையும் முதலில் பார்த்து, “சரிடா” என்று காதோடு சொன்னவன் ஜோஸ்.

சிவப்பும் பச்சையும் தன் கண்ணுக்கு ஒன்றுதான் என்பதைப் பிராங்க் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. ஜோஸிடம் மட்டும்தான் சொல்லியிருந்தான்.