மஸ்க்விச் கொதித்த நாள்

வெளியே ஜூலை வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. காருக்குள்ளே ஹீட்டர் முழு வேகத்தில் அனலை ஊதிக்கொண்டிருந்தது.

“இன்னும் கொஞ்சம் திருப்புடா” என்றார் சபர்நியாஸ். வேர்வை தாடியிலிருந்து சொட்டியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகன் பரஹாத் குமிழை முறுக்கிப் பார்த்தான்.

“இதுக்கு மேல திரும்பாதுப்பா. நாம வெந்துருவோம்.”

“நாம வெந்தா பரவால்ல. இன்ஜின் வேகக் கூடாது.”

இன்ஜின் சூட்டில் கொஞ்சத்தை உள்ளே வாங்கிக்கொண்டால் இன்ஜின் தப்பிக்கும். அந்தப் பாலைவனச் சாலையில் பழைய கார் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம்தான். சபர்நியாஸின் பழைய ரஷ்யக் கார் மஸ்க்விச்சுக்கு மட்டும் அது தேவைப்பட்டதே இல்லை. ஊராரின் புது வண்டிகள் ஆவி கக்கி நிற்கும்போது, ஹாரன் அடித்து வெறுப்பேற்றிவிட்டுப் போகிற மனிதர் அவர். இன்றைக்கென்று பார்த்து, சூடு காட்டும் முள் சிவப்பிலேயே நின்றது.

குங்கிராத் ஸ்டேஷனில் பரஹாத் ரஷ்யா போகும் ரயிலைப் பிடித்தாக வேண்டும். விட்டால் அடுத்த ரயில் அடுத்த வாரம்தான். அதற்குள் அங்கே கட்டட மேஸ்திரி வேறு ஆளைச் சேர்த்துக்கொள்வான். ஊரில் கடல் இருந்தவரை மீனாவது இருந்தது. இப்போது கடல் வற்றிப்போய் உப்பு மட்டும்தான் மிச்சம். மூத்தவன் அமானின் மனைவியும் குழந்தைகளும் இவர்கள் கையைத்தான் எதிர்பார்த்திருக்கிறார்கள்.

அமான் போன வருஷம் இதே ரயிலில் வேலைக்குப் போனான். சாரம் சரிந்து, தகரப் பெட்டியில் திரும்பி வந்தான். புறப்படும்போது அவன் ஒரு வாய் கடித்த ரொட்டி, திரும்பி வந்து மிச்சத்தைத் தின்பான் என்று மாட்டி வைத்தது, இன்னும் சுவரில் தொங்குகிறது. இன்று காலை அவர் மனைவி பீபிகுல், இளையவன் கடித்த ரொட்டியையும் பக்கத்து ஆணியில் மாட்டினாள். அழுதுகொண்டேதான் மாட்டினாள். சபர்நியாஸ் பார்க்காதவர்போல வெளியே வந்துவிட்டார். வேறு என்ன செய்வார்?

‘புஸ்’ என்று வெள்ளை ஆவி கிளம்பியது.

காரின் மூக்கைக் காற்றுப் பக்கம் திருப்பி நிறுத்திவிட்டு இறங்கினார். பானட்டைத் தூக்கி, இன்ஜினுக்குப் பெட்ரோல் ஏற்றும் பம்ப்பில் ஈரத்துணியைச் சுற்றினார்.

“ரேடியேட்டர் மூடியில கை வைக்காதே, மூஞ்சி வெந்துரும். ஆமா, காலையில தண்ணி சரியா ஊத்தினியா?”

“கழுத்து வரைக்கும் ஊத்தினேன்பா.”

பொய்யில்லை. அவர் தொழுகையில் இருந்தபோது பரஹாத் தானாகவே பானட்டைத் திறந்து வேலை செய்துகொண்டிருந்தான். கிரீஸ் என்றாலே முகம் சுளிக்கிற பயல், போகிற நாளிலாவது பொறுப்பாக இருக்கிறானே என்று அவருக்குச் சந்தோஷமாக இருந்தது.

சூடு கொஞ்சம் தணிந்ததும், பரஹாத் பையிலிருந்த குடிதண்ணீர் பாட்டிலை எடுத்து ரேடியேட்டரில் கவிழ்த்தான்.

“அது உனக்கு வழிக்கு வேணுமேடா!”

“ரயில் ஏறினாத்தானேப்பா வழி.”

அடுத்த மேட்டில் மறுபடியும் கொதித்தது. பக்கத்து வடிகாலில் உப்புத் தண்ணீர்தான் இருந்தது. அதை ஊற்றினால் ரேடியேட்டர் அரித்துப் போகும் என்று தெரிந்தும் ஊற்றினார். “நாளைக்குச் செத்தா சாகட்டும், இன்னிக்கு ஓடினாப் போதும்” என்றார். அப்படியும் நின்றுபோனது.

சபர்நியாஸ் ரோட்டோரத்தில் குந்திவிட்டார். ஒரு பிள்ளையைக் காப்பாற்றத் துப்பில்லை. இன்னொருவனை ரயில் ஏற்றிவிடக்கூடத் துப்பில்லை. பரஹாத் கொஞ்சம் தள்ளி நின்று மண்ணைக் காலால் கீறிக்கொண்டிருந்தான்.

எதிரே வந்த தர்பூசணி லாரி நின்றது. கொழுத்த டிரைவர் ஒருவன் குதித்து இறங்கி வந்தான். ரயிலுக்குப் போகிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, பானட்டுக்குள் எட்டிப் பார்த்தான். பிறகு காரின் முன்னால் மண்டியிட்டு, கிரில்லுக்குள் கையை விட்டுத் துழாவினான். உடனே அவன் தொப்பை குலுங்க ஆரம்பித்தது.

“பெரியவரே, வண்டிக்குக் குளிர் ஜுரமா? போர்வை போத்தி வச்சிருக்கீங்க!”

உள்ளே கட்டியிருந்த கம்பியை அவிழ்த்து, தடிமனான கறுப்புக் கம்பளித் துண்டு ஒன்றை உருவி வெளியே எடுத்தான். பனிக்காலத்தில் இன்ஜின் விறைத்துப் போகாமலிருக்க எல்லோரும் ரேடியேட்டருக்கு முன்னால் கட்டுவதுதான். பனிக்காலம் முடிந்து வரும் நவ்ருஸ் பண்டிகையன்று சபர்நியாஸ் அதைத் தன் கையாலேயே அவிழ்த்துச் சுருட்டிக் கொட்டகையில் போட்டிருந்தார். நட்ட நடுக் கோடையில் குனிந்து அங்கே பார்க்க யாருக்குத் தோன்றும்?

“காத்தே போகாம எப்படி ஆறும்? இனிமே பறக்கும் பாருங்க. ரயிலைப் பிடிச்சிரலாம்.” குடிக்க வைத்திருந்த நல்ல தண்ணீரை ரேடியேட்டர் நிறைய ஊற்றிவிட்டு, சிரித்துக்கொண்டே லாரியில் ஏறிப் போய்விட்டான்.

சபர்நியாஸ் கம்பளியைக் கொஞ்ச நேரம் வெறித்துப் பார்த்தார். பிறகு தலையில் அடித்துக்கொண்டார்.

“எல்லாம் உங்கம்மா வேலைடா! போகாதேன்னு வாயத் திறந்து சொல்ல முடியல, கம்பளியக் கட்டி விட்டுட்டா. அவளைச் சொல்லியும் குத்தமில்ல, பெத்தவ. சரி ஏறு, ஏறு! இன்னும் நேரம் இருக்கு.”

சாவியைத் திருப்பினார். இன்ஜின் பிடித்துக்கொண்டது. முள் மெல்லக் கீழே இறங்கியது. கையை நீட்டி மகன் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார்.

பரஹாத் ஏறவில்லை. அந்தக் கம்பளியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, வெயிலிலேயே நின்றான்.

“அம்மா இல்லப்பா, நான்தான் கட்டினேன்.”