முதலெழுத்தை மட்டும் அழித்த அறிக்கை

கதவருகே கணினி நிரல் எழுதுகிறவள், எதிரே மேலாளர், ஜன்னலோரம் அவருடைய மைத்துனர். நடுவில், மருத்துவமனை திருப்பியனுப்பிய பரிசோதனை அறிக்கை வெயிலில் கிடக்கிறது. இன்னும் முடிவு வராத நோயாளியின் பெயருக்கு நேரே, முந்தையவருடைய முடிவு முதலெழுத்து மட்டும் இல்லாமல் அச்சாகியிருக்கிறது. “சி மொழியில முதலெழுத்து இடத்துல பூஜ்யம் வெச்சா எழுத்துச் சரம் முழுக்கக் காலிதானேம்மா?” என்கிறார் மேலாளர். “படிக்கிறப்போ காலி சார். நாம அந்தச் சரத்தோட நாற்பது எழுத்து இடத்தையும் அப்படியே அச்சுக்கு அனுப்புறோமே! முழுசா துடைக்கிற வரியை எழுதியிருந்தேன். வேகம் போதலைன்னு நீங்கதான் தூக்கினீங்க.” மைத்துனர் கொட்டாவி விடுகிறார்: “தப்பு என்னோடதுன்னு ஒரு கையெழுத்து போட்டுடும்மா, தலைவலி விட்டுது.” நீட்டிய பேனாவை வாங்கி, அவள் வேறு தாளில் எழுதுகிறாள்: எடுக்கப்பட்ட வரி, எடுத்தவர், தேதி, அன்று முதல் போன எல்லா அறிக்கைகளையும் தயவுசெய்து மறுபடி சரிபாருங்கள். காது சிவந்திருக்கிறது, எழுத்து கோணவில்லை. உறையைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டி, வாசலில் காத்திருக்கும் மருத்துவமனை ஆளின் கையிலேயே கொடுத்தனுப்புகிறாள்.