இன்ஸ்பெக்டரின் வாட்ச்

மலேசியாவின் கிள்ளான் நகரத் தியேட்டரில் உள்ளூர்ப் பையன்கள் எடுத்த படம். திரையில் இன்ஸ்பெக்டர் வாட்சைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, லாக்கப்பில் கிடந்த இளைஞனை அடிக்கத் தொடங்கினார்.

"நாசமாப் போறவனே! ஒன் கை வெளங்காமப் போக!" என்று ரமணி கத்தினாள். தியேட்டரே சேர்ந்து திட்டியது.

பக்கத்து சீட் நல்லம்மாள் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னா ஆன்டி, ஒங்களுக்குப் பாவமா இல்லையா?"

"அந்த இன்ஸ்பெக்டரா நடிக்கிறது என் மகன்லா."

ரமணி நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயோ, சாரி ஆன்டி! பெத்தவங்க பக்கத்துலயே உட்கார்ந்து..."

"பரவால்லம்மா, நல்லாத் திட்டு."

"அந்த வாட்ச கழட்டுறப்பவே அடி விழப்போகுதுன்னு தெரிஞ்சிடுச்சு ஆன்டி. டைரக்டர் சொல்லிக் குடுத்தாரா?"

"இல்ல. அத இவனே சேர்த்தான். பல வருஷம் முன்ன போலீஸ் ஆள் மாறிப் புடிச்சு இவன லாக்கப்புல போட்டப்ப, அடிச்ச இன்ஸ்பெக்டரு அப்படித்தான் கழட்டி வெச்சாராம்."



திரையில் மறுபடியும் வாட்ச் கழன்றது. தியேட்டர் மறுபடியும் கொதித்தது. நல்லம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இத்தன வருஷமா அந்த ஆள நான் ஒருத்திதான் திட்டிக்கிட்டு இருந்தேன். இன்னிக்குத் தியேட்டரே திட்டுது பாரு!"