கண்ணாடியில் பன்னிரண்டு

சிகரெட்டை விட்டுத் தொலைக்க முடிதிருத்துபவர் கண்டுபிடித்த வழி இது: விட்டு எத்தனை நாளாயிற்று என்று தினமும் காலையில் சவர நுரையால் கண்ணாடி ஓரத்தில் எழுதிவைப்பது. இன்று வெயில் பட்டுப் பன்னிரண்டு பளீரென்று மின்னுகிறது. “கில்லாடிண்ணே நீங்க! உங்களப் பார்த்து எங்கப்பாவும் நேத்தோட விட்டுட்டாரு” என்கிறார் நாற்காலியில் சாய்ந்திருக்கும் தபால்காரர். கொல்லைப்புறத்தில், முடிதிருத்துபவர் சற்றுமுன் மிதித்து அணைத்த சிகரெட் துண்டு கிடக்கிறது. மீசையோரத்தைச் சரிசெய்ய முடிதிருத்துபவர் முகத்தருகே குனிகிறார். தபால்காரரின் மூக்கு சுருங்குகிறது; மார்பு ஏறாமல் இறங்காமல் நின்றுவிடுகிறது. முடிதிருத்துபவர் கத்தியோடு நிமிர்ந்ததும் தபால்காரர் மெல்ல மூச்சு விடுகிறார். மறுபடி குனிந்தால் மறுபடி பிடித்துக்கொள்கிறார். முடிதிருத்துபவருக்குக் காதுமடல் எரிகிறது. கத்தியை வைத்துவிட்டுக் கட்டைவிரலால் பன்னிரண்டைத் துடைக்கிறார். “அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, தம்பி” என்கிறார், கண்ணாடியைப் பார்க்காமல்.