முதல் மாடிப் புகார்

அடித்தள பார்க்கிங்கின் சரிவில் சிவப்புக் கார் உறுமிக்கொண்டு ஏறியது. முதல் மாடி பால்கனிக்கு விசாலாக்ஷி ஒரு காதோரம் கையை வைத்தபடி வந்து நிற்பதைப் பார்த்ததும் வண்டியை ஓட்டிய ஃபிரெட்ரிக் பல்லைக் கடித்தான். இன்றைக்கும் ஆரம்பித்தாயிற்று.

மந்தைவெளி சிக்னலைத் தாண்டுவதற்குள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் அவளுடைய செய்தி வந்துவிட்டது. "சிவப்புக் கார் சத்தம் சரியில்லை. உடனே கவனிக்கவும்." அதற்குக் கீழே கட்டைவிரல்கள் வரிசையாக முளைத்தன.

குடும்பத்தோடு கடைகண்ணிக்குப் போகிற அளவில் வாங்கிய சின்ன வண்டிதான். அதில் பின்சீட்டைக் கழற்றி எறிந்து, டர்போ பொருத்தி, ஸ்பிரிங்கையெல்லாம் மாற்றிப் பந்தயத்துக்குத் தயார் செய்திருந்தான். அவன் மனைவி ஷெரில் சாந்தோம் கோயிலுக்கு ஆட்டோவில் போகப் பழகிவிட்டாள்.

ஆனால் வண்டிதான் பழகவில்லை. இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்தில் நேர்ப்பாதை வந்ததும் மூச்சிரைத்தது. டர்போ கூட இல்லாத வண்டிகள் அவனைத் தாண்டிப் போயின.

பெருங்குடியில் மெக்கானிக் செம்பியன் பிளக்கை மாற்றினான், பெட்ரோல் பைப்பைக் கழுவினான், என்ஜினை ஓடவிட்டுத் தலையைச் சொறிந்தான். "நிக்க வெச்சா நல்லாத்தான் ஓடுது நைனா. ரோட்ல இறங்குனா இன்னா ஆவுதுன்னே தெரில."

இந்த எரிச்சலுக்கு நடுவில்தான் முதல் மாடிப் புகார். ஒருநாள் லிஃப்டில் விசாலாக்ஷியே பிடித்துக்கொண்டாள். "உங்க வண்டி சத்தம்..." என்று ஆரம்பித்தவளை, "தெரியும் மேடம், குறைச்சிடறேன்" என்று வெட்டினான். அவள் புருவத்தைச் சுருக்கி மறுபடி வாயைத் திறப்பதற்குள் கதவு திறந்தது. தப்பித்தோம் என்று வெளியே பாய்ந்தான்.

விடிந்ததும் ரயிலைப் பிடித்து ஆவடிக்குப் போகிறவள் என்று மட்டும் அவனுக்குத் தெரியும். அங்கே ராணுவ டாங்கி செய்கிற தொழிற்சாலையில் ஏதோ உத்தியோகமாம். கணக்குப் பிரிவில் சட்டம் பேசுகிற ஆளாகத்தான் இருக்கும் என்று ஷெரிலிடம் பொருமினான். அவங்க என்னதான் சொல்றாங்கன்னு ஒருதடவை முழுசா கேட்டாத்தான் என்ன என்றாள் ஷெரில். கேட்க என்ன இருக்கிறது என்று எரிந்து விழுந்தான்.

கடைசியில் போலீஸ் வரைக்கும் போய்விடுவாளோ என்ற பயம் வந்தது. ஆசையாகப் போட்ட சைலன்சரைக் கழற்றிவிட்டுச் சத்தம் அமுக்குகிற தடிமனான ஒன்றை மாட்டச் சொன்னான். இது இழுவையைக் குறைக்கும் என்று செம்பியன் சொல்லிப் பார்த்தான். ஃபிரெட்ரிக் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இந்த வருஷத்தின் கடைசிப் பந்தயம். நேர்ப்பாதையில் ஆக்சிலரேட்டரைத் தரையோடு மிதித்தும் வண்டி முக்கியது, திணறியது. எல்லோருக்கும் கடைசியாக வந்தான். ஷெரில் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அவளாவது திட்டியிருக்கலாம் என்று இருந்தது அவனுக்கு.

வீடு வந்து சேர்ந்தபோது விசாலாக்ஷி பால்கனியிலேயே நின்றிருந்தாள். அவனுக்குள் ஏதோ அறுந்தது. வண்டியை வாசலிலேயே விட்டுவிட்டுப் படியேறிப் போய் அவள் வீட்டு மணியை அழுத்தினான்.

கதவு திறந்ததும் கொட்டித் தீர்த்தான். "உங்களுக்காக சைலன்சரை மாத்தினேன் மேடம். இன்னைக்கு எல்லார் முன்னாடியும் கடைசியா வந்து நின்னேன். நாளைக்கே வண்டிய வித்துடறேன். இனிமே ஒரு சத்தமும் வராது, நிம்மதியா இருங்க."

திருப்பிச் சண்டைக்கு வருவாள் என்று காத்து நின்றான். அவளோ ஒன்றும் புரியாமல் அவனையே பார்த்தாள்.

"சத்தத்தைக் குறைக்கச் சொன்னது யாரு? மேட்டுல ஏறும்போது மூணு சிலிண்டர்தான் அடிக்கறது, நாலாவது எங்கேன்னுதானே கேட்டுண்டிருக்கேன்?"