காற்றாடி மேல் ஒரு புகார்

முதல் அநியாயம்: கல்லாங்குத்து மேட்டின் பதினேழு குடிசைகளுக்கும் கரண்ட் கேட்டு எழுதினார்கள். வீட்டு எண் இல்லாமல் கரண்ட் இல்லை என்று பதில் வந்தது.

இரண்டாவது: வீட்டு எண் கேட்டார்கள். பட்டா இல்லாமல் எண் இல்லை.

மூன்றாவது: பட்டா கேட்டார்கள். 'மேற்படி புறம்போக்கில் எவரும் குடியிருப்பதாகப் பதிவு இல்லை' என்று முத்திரை குத்தி அனுப்பினார்கள். அதைத் தபால்காரர் மேடேறி வந்துதான் கொடுத்துவிட்டுப் போனார்.

நான்காவது: போன ஐப்பசியில், கூலிக்காரன் ஆல்பர்ட்டை இருட்டில் கட்டுவிரியன் கடித்தது. ஒன்பது நாள் கிடந்து பிழைத்தான். ஆஸ்பத்திரிச் சீட்டில் முகவரி என்ற இடத்தில் ஒரு கோடுதான் போட்டிருந்தது.

ஐந்தாவது அநியாயத்தைச் செய்தவர் ஏசுதாஸ்.

ஆம், அதே ஏசுதாஸ்தான். பத்தொன்பது வருடமாக மேட்டு ஜனங்களுக்கு மனு எழுதி, மறியல் செய்து, மூன்று முறை உள்ளே போய் வந்தவர். அவர்தான் ஆல்பர்ட்டின் மனைவி திலகா மேல் கலெக்டர் ஆபீசில் புகார் கொடுத்திருந்தார். அரசு நிலத்தில் அனுமதியில்லாமல் காற்றாலை கட்டியிருக்கிறாளாம்!

திலகா உத்திரமேரூரில் வாஷிங் மிஷின் ரிப்பேர் கடையில் கூட்டிப் பெருக்குகிறவள். பெருக்கிக்கொண்டே எட்டு வருடம் வேலையைக் கவனித்தவள். "போர்டு போச்சி, மோட்டார் நல்லாத்தான் கீது, தூக்கினு போ" என்று முதலாளி தள்ளிவிட்ட மிஷினின் மோட்டாரை மட்டும் கழற்றி, டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். சுற்றிலும் காந்தம் பதித்த, தட்டு மாதிரி மோட்டார்; சுற்றிவிட்டால் கரண்ட் தரும். பிளாஸ்டிக் பைப்பைக் கீறி இறக்கை செய்தாள். ஓட்டுக் கேட்டு வைத்திருந்த தகர போர்டை வெட்டி வால் செய்தாள். யாரோ வேண்டாமென்று போட்ட போர்வெல் பைப் கம்பமாயிற்று. டிராக்டரின் பழைய பேட்டரி ஒன்று. முதல் இறக்கை பிய்த்துக்கொண்டு பறந்து அடுத்தவன் கத்தரித் தோட்டத்தில் விழுந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது நின்றது. பதினேழு குடிசையிலும் ஒவ்வொரு பல்பு எரிந்தது.

அதன்மேல்தான் புகார்.

"நம்ம மனுவால ஆவாதத ஒரு பொம்பள பண்ணிட்டாளேன்னு வயித்தெரிச்சல் அந்தாளுக்கு!" பக்கத்துக் குடிசைப் பாஞ்சாலி மண்ணை வாரித் தூற்றினாள்.

திலகா ஒரே ஒரு முறைதான் கேட்டாள். "இன்னாத்துக்கு பெரியப்பா இப்டிப் பண்ண?"

"ஆபீசர் வந்து கேட்டா உண்மையச் சொல்லு" என்றார் ஏசுதாஸ்.

வேலைக்கு வந்து நாலு மாதமான வி.ஏ.ஓ., தலையாரி கன்னியப்பனோடு பைக்கில் வந்து இறங்கினார். அண்ணாந்து பார்த்தவர் ஹெல்மெட்டைக் கழற்ற மறந்து நின்றார்.

"வாஷிங் மிஷின் மோட்டாரா? நீயாம்மா செஞ்சே? எங்க வீட்டு மிஷினுக்கு ரெண்டு மாசமா ஆள் கிடைக்கல!"

"இல்லன்னு சொல்லிடுடி. உன் வூடே இல்லன்னு சொல்லிடு" என்று பாஞ்சாலி முணுமுணுத்தாள்.

திலகா மேலே பார்த்தாள். இறக்கை சுற்றிக்கொண்டிருந்தது.

"நான்தான் சார் செஞ்சேன். இது என் வூடுதான்."

வி.ஏ.ஓ. குரலைத் தாழ்த்தினார். "தோ பாரும்மா. புகார் மேல நடவடிக்கை எடுக்கலன்னா என் தலைதான் உருளும். நீயே கழட்டிப் போட்டுடு. இங்க ஒண்ணுமே இல்லன்னு எழுதி முடிச்சிடறேன். இல்லன்னா ஆக்கிரமிப்பு நோட்டீசு தரணும். அபராதம் வரும்."

"கழட்டிடுடி, புண்ணியமாப் போவட்டும்" என்றாள் பாஞ்சாலி.

ஏசுதாஸ் திலகாவையே பார்த்தார்.

"இங்க ஒண்ணுமே இல்லன்னா, அந்தப் பாம்பு யாரை சார் கடிச்சிது? கழட்ட மாட்டேன்" என்றாள் திலகா. "நோட்டீசே எழுதிக்கங்க."

வி.ஏ.ஓ. பைக் சீட்டின்மேல் படிவத்தை வைத்துக் கேட்டுக் கேட்டு எழுதினார். எத்தனை வருஷமா இருக்கே? பதினாறு. வீடு கூரையா, ஓடா? கூரை. சீல் வைத்தார். கையெழுத்துப் போட்டார்.

"சார்" என்று முன்னால் வந்தார் ஏசுதாஸ். "நோட்டீச சாட்சிங்க முன்னால படிச்சிக் காட்டித்தான் குடுக்கணும். தலையாரி ஒரு சாட்சி. தோ, பாஞ்சாலி ஒரு சாட்சி. சத்தமாப் படிங்க."

"அடப் பாவி, என்னையும் இதுல இழுக்கறியா?" என்று பாஞ்சாலி பாய்ந்தாள்.

"கத்தாத. உன் வூட்டு மேலயும் புகார் ரெடியா கீது. எல்லா வூட்டு மேலயும் எழுதி வச்சிருக்கேன்."

கிழவர் சிரித்ததைத் திலகா அன்றுதான் பார்த்தாள்.

"இன்னா பெரியப்பா இது?"

"பத்தொம்போது வருசமா மனு குடுத்தேன். நீங்கல்லாம் இங்க கீறீங்கன்னு ஒரு பய எழுதல. எழுதினா பட்டா தரணுமே! குடிசை அவன் கண்ணுக்குத் தெரியல. நீ நட்ட காத்தாடி ரோட்டுலேர்ந்தே தெரியிது. அதான் மனுவ உட்டுட்டுப் புகார் குடுத்தேன். இடிக்கவே வந்தாலும், நீ இருக்கேன்னு மொதல்ல எழுதித்தானே ஆவணும்? முன்னாடியே சொல்லியிருந்தா உன் மொகமே காட்டிக் குடுத்திருக்கும்."

தலையாரி கன்னியப்பன் இருமினார். வி.ஏ.ஓ. படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆனால் சீல் விழுந்த காகிதம். வேறு வழியில்லாமல் படித்தார்.

"மேற்படி கல்லாங்குத்துப் புறம்போக்கில், கடந்த பதினாறு ஆண்டுகளாகக் கூரை வீடு கட்டி, குடும்பத்துடன் நிரந்தரமாகக் குடியிருந்து வருபவர்... ஆல்பர்ட் மனைவி திலகா."