முகம் தெரிகிறதா

சின்னப் பச்சை விளக்கு எரிந்தது.

திரையில் ஒரு முகம் வந்தது. அழுது வீங்கிய முகம். தன்னுடையதுதான் என்று புரிய அவளுக்கு ஒரு நொடி பிடித்தது.

கேமராவைச் சற்று உயர்த்தினாள். நெற்றி வெட்டுப்படாமல் வந்தது. ஜன்னலைச் சாத்தினாள்; முகம் இருண்டது. மறுபடி திறந்தாள்.

மணி ஒன்றரை.

இரண்டு மணிக்குச் சவுதியிலிருந்து கூப்பிடுவார்கள். குளிப்பாட்டி, கஃபன் துணி சுற்றி, அடக்கத்துக்கு எடுக்கும் முன் முகம் காட்டுவார்கள். மையித்தைப் பெட்டியில் வைத்து ஊருக்கு அனுப்ப ஒரு மாதம்கூட ஆகலாம் என்றார்கள். அங்கேயே அடக்கிவிடச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பியவள் அவள்தான்.

அவள் கணவன் சீனி இபுராஹிமுக்கு முப்பத்தாறு வயது. வேலைக்குக் கிளம்பச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தவன் அப்படியே சரிந்துவிட்டானாம்.

"மச்சி, லேப்டாப்புலயே கேமரா இருக்கே. நல்லாத்தானே ஓடுது? இது எதுக்குத் தனியா?" என்றாள் அவனுடைய தங்கை ஹலிமத்.



நல்லாத்தான் ஓடியது. ஒருநாளும் கெட்டதில்லை.

பெருநாளைக்கு வருகிறேன் என்றிருந்தவன், இன்னும் ஒரு வருஷம் ஆகும் என்று சொன்ன அன்று, கேமரா கெட்டுவிட்டது என்று இவள்தான் சொன்னாள். அதிலிருந்து ஐந்து மாதம் குரல் மட்டும் கொடுத்தாள். அவன் முகம் இவளுக்குத் தெரியும். இவள் இருக்க வேண்டிய இடத்தில் அவனுக்கு ஒரு கறுப்புக் கட்டம்.

"ஒரே ஒரு தடவ முகத்தக் காட்டு புள்ள" என்பான்.

"கெட்டுப்போச்சுன்னு சொன்னேன்ல" என்பாள்.

போன வாரம் ஊருக்கு வந்த ஒருவரிடம் இந்தப் புதுக் கேமராவைக் கொடுத்தனுப்பியிருந்தான். பெட்டியைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்தாள். இன்னும் ரெண்டு நாள் போகட்டும் என்றிருந்தாள்.

இன்று காலையில்தான் பிரித்தாள்.

அழைப்பு வந்தது. அவனோடு ஒரே அறையில் தங்கியிருந்த செய்யது.

"தங்கச்சி, தெரியுதாம்மா?"

தெரிந்தான். தாடியை யாரோ படிய வாரிவிட்டிருந்தார்கள்.

ஹலிமத் கதறிக்கொண்டு திரையை நோக்கிச் சாய்ந்தாள்.

அவள் அழவில்லை.

"எனக்குத் தெரியுது காக்கா. போனை அவங்க பக்கமாத் திருப்பிப் புடிங்க. என்னய மச்சானுக்குக் காட்டுங்க."

செய்யது போனின் திரையை அவன் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

அவள் முக்காட்டை நெற்றியிலிருந்து ஒதுக்கினாள்.

திரையில் அவனைப் பார்த்தால், அங்கே அவள் கண்கள் தாழ்ந்துதான் தெரியும்.

அவள் கேமராவைப் பார்த்தாள்.

"பாத்தது போதுமாம்மா? எடுக்கப் போறாங்க" என்று செய்யது கேட்கும்வரை, அதை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள்.